புளி, சாம்பல், பூந்திக்கொட்டை: குழந்தை தவழும் வீட்டுக்கு எது போதும், எது போதாது

கேள்வியின் சுருக்கம் இது. கன்னியாகுமரி மாவட்டத்தில், கேரள எல்லையை ஒட்டிய களியக்காவிளைக்குப் பக்கத்தில் வீடு. தவழத் தொடங்கிய குழந்தை, இழுப்புத் (ஆஸ்துமா) தொந்தரவு உள்ள மாமியார், சொந்தமாகக் கொஞ்சம் ரப்பர் வைத்து ஷீட்டு அடிக்கும் மாமனார். பினாயில், டாய்லெட் கிளீனர், பாத்திரம் கழுவும் திரவம் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு வீட்டிலேயே செய்துகொள்ள முடியுமா? எலுமிச்சைத் தோலையும் வெல்லத்தையும் தண்ணீரில் புளிக்க வைக்கச் சொல்லி வாட்ஸ்அப்பில் சுற்றும் ‘பயோ என்சைம்’ ஒரு பாட்டில் ஊற வைத்தாயிற்று, அது ஒன்றே எல்லாவற்றுக்கும் போதுமா? தரை துடைக்கும் தண்ணீரில் புல்தைலம் (எலுமிச்சைப்புல் எண்ணெய்) விடலாமா? மாமனார் ஷீட்டுக்கு வாங்கும் ஆசிட்டையே கழிப்பறைக்கும் ஊற்றுகிறார், அது பரவாயில்லையா?

கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், மற்றதெல்லாம் நாளைக்குச் செய்தாலும் நஷ்டமில்லை. ரப்பர் பாலை உறைய வைக்கும் அந்த ஆசிட் பெரும்பாலும் பார்மிக் அமிலம். கேனில் வருவது சுமார் 85 சதவீதச் செறிவு. தோலில் பட்டால் வெந்துவிடும். அதன் ஆவி இழுப்புக்காரர்களுக்கு ஆகவே ஆகாது. விழுங்கினால் தொண்டையையும் குடலையும் எரிப்பதோடு நிற்காமல் ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தையும் கெடுக்கும். பார்க்கத் தண்ணீர் மாதிரியே இருக்கும். குலசேகரம், அருமனை, திருவட்டார் பக்கம் ரப்பர் வீடுகளில் இதைப் பெரிய கேனிலிருந்து பழைய குடிதண்ணீர் பாட்டிலில் ஊற்றி, குளியலறை ஜன்னல் திண்டிலோ அடுக்களைக்குப் பின்னாலோ வைத்திருப்பதைப் பார்க்கலாம். நீங்கள் பயப்படுகிற கடைப் பினாயிலைவிட இந்த பாட்டில் பல மடங்கு ஆபத்து. மாமாவிடம் சண்டை போட வேண்டாம். ஷீட்டு அடிக்கும் கொட்டகையிலேயே, பூட்டு போட்ட பெட்டிக்குள், வாங்கிய கேனிலேயே அது இருக்கட்டும் என்று மட்டும் சொல்லுங்கள். கழிப்பறைக்கு வேறு வழி கீழே சொல்கிறேன். யார் மேலாவது பட்டுவிட்டால் உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டே இருக்க வேண்டும். யாராவது விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது, நேராக ஆஸ்பத்திரி.

இதோடு சேர்த்து இன்னொன்று. இயற்கையானது என்பதாலேயே ஒரு பொருள் சாதுவாகிவிடாது. இரும்பன்புளியை எடுத்துக்கொள்ளுங்கள், நம் பக்கம் கிணற்றடியில் காய்த்துத் தொங்குவது, மீன்குழம்புக்குப் போடுவது. அதில் ஆக்சாலிக் அமிலம் அதிகம். சர்க்கரையும் கொழுப்பும் குறையும் என்று நம்பி அதைச் சாறு பிழிந்து குடித்தவர்களுக்குச் சிறுநீரகம் பழுதானதைக் கேரள மருத்துவர்கள் 2013-இல் மருத்துவ இதழில் பதிவு செய்திருக்கிறார்கள். அதே காயைக் குறுக்கே வெட்டி வெள்ளைத் துணியில் இருக்கும் துருக்கறை மேல் தேய்த்தால் கறை கரைந்து போகும். ரெண்டும் ஒரே அமிலத்தின் வேலைதான். ஆகவே வீட்டில் செய்கிற எதையும் குழந்தைக்கு எட்டாத உயரத்தில், பெயர் எழுதி ஒட்டி வைப்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

சரி, இனி சுத்தம் செய்யும் விஷயத்துக்கு வருவோம். வீட்டு அழுக்கை நான்காகப் பிரித்துக்கொண்டால் பாதி குழப்பம் தீர்ந்துவிடும். எண்ணெய்ப் பிசுக்கு ஒன்று. தண்ணீர் விட்டுப்போகும் வெள்ளை உப்புப் படிவம் இன்னொன்று. இரும்புத் துருவும் பித்தளைக் களிம்பும் மூன்றாவது. நான்காவது கிருமி. எண்ணெய்க்கு நுரைக்கும் பொருளோ காரத்தன்மை உள்ள பொருளோ வேண்டும், அதாவது பூந்திக்கொட்டை, சோப்பு, சாம்பல், வாஷிங் சோடா. உப்புப் படிவத்துக்கும் களிம்புக்கும் புளிப்பு வேண்டும். கிருமிக்குக் கொதிக்கிற தண்ணீர், வெயில், இல்லையென்றால் குளோரின். ஒரே புட்டியில் நாலு வேலையும் நடக்கும் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள், அது கடைக்காரராக இருந்தாலும் சரி, பக்கத்து வீட்டு அக்காவாக இருந்தாலும் சரி.

இந்த அடிப்படை தெரிந்தால், வீடியோக்களில் அடிக்கடி வரும் ஒரு வித்தை ஏன் வெறும் வேடிக்கை என்பதும் புரியும். ஆப்ப சோடாவையும் வினிகரையும் கலந்தால் புசுபுசுவென்று பொங்கும், பார்க்க நன்றாகத்தான் இருக்கும். அந்தப் பொங்கல் கரியமில வாயு. அது அடங்கியதும் கையில் மிஞ்சுவது சோடியம் அசிடேட் என்ற உப்பு கரைந்த தண்ணீர். புளிப்பும் போச்சு, காரமும் போச்சு. சாக்கடைக் குழாயில் லேசாக அடைத்திருப்பதை அந்தப் பொங்கல் கொஞ்சம் அசைத்துக் கொடுக்கலாம், அவ்வளவுதான். கலந்து பாட்டிலில் வைப்பதில் பயனே இல்லை, இறுக்கி மூடினால் பாட்டில் வெடிக்கவும் செய்யும். சோப்புத் தண்ணீரில் வினிகரோ எலுமிச்சையோ ஊற்றுவதும் இப்படித்தான். புளிப்பு பட்டதும் சோப்பு உடைந்து கொழுப்பமிலமாகித் திரிதிரியாக மிதக்கும். ஒன்றைப் பயன்படுத்தி அலசிய பிறகு மற்றதைப் பயன்படுத்துங்கள்.

உங்கள் வீட்டுக்கு நான் முதலில் சிபாரிசு செய்வது பூந்திக்கொட்டை. நாட்டுமருந்துக் கடையில் கிடைக்கும். கொட்டையோடு விற்பது விலை குறைவு. உடைத்துக் கறுப்பு விதையை எடுத்துவிட வேண்டும், நுரை தருவது மேல்தோல் மட்டும்தான். 100 கிராம் தோலை ஒரு லிட்டர் தண்ணீரில் ராத்திரி ஊற வையுங்கள். காலையில் அதே தண்ணீரோடு சிறு தீயில் 15, 20 நிமிடம் கொதிக்க விடுங்கள். அடுப்பைவிட்டு நகராதீர்கள், பால் மாதிரி பொங்கி அடுப்பெல்லாம் வழிந்துவிடும். ஆறியதும் கையால் நன்றாகப் பிசைந்தால் தோல் கூழாகி, தேன் நிறத்தில் கொழகொழவென்று சாறு இறங்கும். பழைய வேட்டித் துணியில் வடிகட்டுங்கள். சக்கையை எறிய வேண்டாம், இன்னொரு முறை தண்ணீர் விட்டுப் பிசைந்தால் பாத்திரம் கழுவ ஒரு நாளைக்கு ஆகும்.

இந்தச் சாற்றில் இருப்பது சாபோனின். இது எண்ணெயை நீரோடு கலக்க வைக்கும். உப்புக் கிணற்றுத் தண்ணீரிலும் சோப்பு மாதிரி திரிந்து வெள்ளையாகப் படியாது. பட்டுப்புடவை, கம்பளி, தங்க நகைக்கு இதைவிட நல்லது கிடையாது. குழந்தையின் பருத்தித் துணி, தினசரிப் பாத்திரம், தரை, மின்விசிறி இறக்கை எல்லாவற்றுக்கும் ஆகும். கடைத் திரவம் அளவுக்கு நுரைக்காது, நுரையைப் பார்த்து அழுக்குப் போனதை எடை போடுகிற பழக்கத்தை மட்டும் விட வேண்டியிருக்கும். கெட்டியான மாட்டிறைச்சிக் கொழுப்போ, வறுத்த எண்ணெய் காய்ந்துபோன இரும்புச் சட்டியோ என்றால் இது திணறும், அதையும் சொல்லிவிடுகிறேன்.

குறைகளும் உண்டு. வெளியில் வைத்தால் நம் ஊர்ப் புழுக்கத்தில் நாலைந்து நாளில் புளித்து நாறும். ஃப்ரிட்ஜில் ரெண்டு வாரம் தாங்கும். ஆகவே கொஞ்சமாகச் செய்யுங்கள், அல்லது தோலைக் காயவைத்துப் பொடித்து வைத்துக்கொண்டு வேண்டியபோது வெந்நீரில் கலக்கிக்கொள்ளுங்கள். கண்ணில் பட்டால் நன்றாகவே எரியும். பொடிக்கும்போது கிளம்பும் தூசி மாமியாருக்கு ஆகாது, மூக்கை மூடிக்கொண்டு முற்றத்தில் செய்யுங்கள். அப்புறம், சாபோனின் மீனின் செவுளைத் தாக்கும். அந்தக் காலத்தில் குட்டையில் மீனை மயக்கிப் பிடிக்கக்கூட இந்த மாதிரி காய்களைத்தான் கரைத்தார்கள். குளத்துக்குள்ளோ மீன் வளர்க்கும் தொட்டிக்குள்ளோ இந்தத் தண்ணீர் நேராகப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வாழை மூட்டில் ஊற்றலாம்.

பித்தளை நிலவிளக்கைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் எந்த அழுக்குக்கு எது என்பதை அதைவிட நன்றாகக் காட்டும் பொருள் இல்லை. பலர் விளக்கை எடுத்ததும் புளியைப் போட்டுத் தேய்க்கிறார்கள், கை வலித்ததுதான் மிச்சம். விளக்கின் மேல் இருப்பது ரெண்டு அடுக்கு. மேலே தேங்காய் எண்ணெயும் திரிக்கரியும் சேர்ந்து காய்ந்த சிக்கு, அதற்கு அடியில் களிம்பு. எண்ணெயைத் தாண்டிப் புளியின் அமிலம் உள்ளே போகாது. முதலில் விறகுச் சாம்பலை வெந்நீரில் குழைத்துத் தேங்காய் நாரால் தேயுங்கள். சாம்பலில் பொட்டாசியம் கார்பனேட் இருக்கிறது, வாழைச் சருகை எரித்த சாம்பல் என்றால் இன்னும் நல்லது. அது எண்ணெயை ஓரளவு சோப்பாக்கிக் கழற்றும், நார் சுரண்டி எடுக்கும். கழுவினால் தண்ணீர் விளக்கின் மேல் முத்து முத்தாக நிற்காமல் பரவி ஓட வேண்டும், அப்போதுதான் எண்ணெய் போயிருக்கிறது என்று அர்த்தம். இப்போது பழம்புளியோடு கல்லுப்பு சேர்த்துத் தடவி அஞ்சு நிமிடம் விட்டாலே போதும், தேய்க்கக்கூட வேண்டாம். புளியில் உள்ள டார்டாரிக் அமிலம் களிம்பைக் கரைக்கும், உப்பு அதைத் துரிதப்படுத்தும். இரும்பன்புளி இருந்தால் புளியைச் சமையலுக்கு மிச்சப்படுத்தலாம். ஆனால் ராத்திரி முழுக்க ஊறப் போட்டால் பித்தளையிலிருந்து துத்தநாகம் கரைந்து வெளியேறி விளக்கு செம்பு நிறத்துக்குத் திரும்பிவிடும். கழுவியதும் உடனே துணியால் ஈரம் போகத் துடையுங்கள். தானாகக் காயவிட்டால் மறுநாளே புள்ளி புள்ளியாகக் கறுக்கும்.

மீன் வாடைக்கும் புளிப்புதான் மருந்து. அந்த வாடையைத் தருவது டிரைமெத்தில் அமைன் என்ற காரப்பொருள், அமிலம் பட்டால் ஆவியாகாத உப்பாக மாறிவிடும். வெட்டுப்பலகை, அரிவாள்மணை, கை எல்லாவற்றிலும் புளித்தண்ணீரோ பிழிந்த எலுமிச்சை மூடியோ தேய்த்து அலசிவிட்டு, பிறகு சோப்பு போடுங்கள். மீன் வைக்கும் மண்சட்டிக்கு மட்டும் சோப்பு கூடாது. சட்டி அதைக் குடித்து வைத்திருந்து அடுத்த குழம்பில் விடும். சாம்பலும் வெந்நீரும் போதும்.

அடுப்பு மேடைப் பிசுக்குக்கு வாஷிங் சோடா நல்லது, மளிகைக் கடையில் சல்லிசாகக் கிடைக்கும். ஒரு லிட்டர் வெந்நீருக்கு ஒரு மேசைக்கரண்டி. கையுறை போட்டுக்கொள்ளுங்கள், தோல் வறண்டு வெடிக்கும். அலுமினியத்தில் மட்டும் இது படவே கூடாது, கறுத்து அரித்துவிடும். சமையலறை எக்ஸாஸ்ட் விசிறியின் இறக்கை அலுமினியமாக இருக்கலாம் என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பூந்திக்கொட்டை.

சிப்ஸ் வறுத்து மிஞ்சும் தேங்காய் எண்ணெயை என்ன செய்வது என்று நிறையப் பேர் கேட்பதுண்டு. துணி, பாத்திரத்துக்கு அருமையான சோப்பு ஆகும். தேங்காய் எண்ணெய் சோப்பு கொஞ்சம் உப்புத் தண்ணீரிலும் நுரைக்கும், கடற்கரை ஊர்க்காரர்களுக்கு அது பெரிய வசதி. வடிகட்டிய எண்ணெய் ஒரு கிலோவுக்குக் காஸ்டிக் சோடா 170 கிராம், தண்ணீர் 350 கிராம். எல்லாம் தராசில் நிறுத்துதான், கண்ணளவு கூடாது. காஸ்டிக்கைத் தண்ணீரில் போட வேண்டும், காஸ்டிக் மேல் தண்ணீரை ஊற்றினால் தெறிக்கும். எவர்சில்வர் அல்லது கெட்டி பிளாஸ்டிக் பாத்திரம் மட்டும். அலுமினியம் என்றால் ஹைட்ரஜன் வாயு கிளம்பிப் பாத்திரமே போய்விடும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் கைக்குக் கையுறையும் கட்டாயம். கரைசல் சூடு குறைந்ததும் எண்ணெயில் ஊற்றிக் கெட்டிப்படும்வரை கலக்கி, அச்சில் ஊற்றி, வெட்டிய பிறகு நாலிலிருந்து ஆறு வாரம் காற்றாட வைக்க வேண்டும். ஆனால் உங்கள் வீட்டில் இப்போதைக்கு இதை நான் சொல்ல மாட்டேன். காஸ்டிக் சோடா வாங்கி வைக்கும் வீட்டில் தவழும் குழந்தை இருக்கக் கூடாது. பக்கத்தில் சுயஉதவிக் குழு யாராவது செய்தால் எண்ணெயைக் கொடுத்துச் சோப்பாக வாங்கிக்கொள்ளுங்கள்.

கழிப்பறைக்கு ஆசிட்டுக்குப் பதில் சிட்ரிக் அமிலத் தூள். கடைகளில் எலுமிச்சை உப்பு என்று கேட்டாலும் கொடுப்பார்கள். கோப்பையில் நிற்கும் தண்ணீரை பிரஷ்ஷால் உள்ளே தள்ளிக் குறைத்துவிட்டு, 50 கிராம் தூளை ஒரு குவளை வெந்நீரில் கரைத்து ராத்திரி ஊற்றி வையுங்கள். காலையில் தேய்த்தால் மஞ்சள் படிவம் இளகி வரும். வருஷக்கணக்கில் கல்லாகிப் போனது ஒரே நாளில் போகாது, சில ராத்திரிகள் தொடர்ந்து செய்ய வேண்டியிருக்கும். வெட்டுக்கல் பூமியில் தோண்டிய கிணற்றுத் தண்ணீரால் வரும் செங்கறைக்கும் இது கேட்கும், இரும்புக் கறைதானே அது. வெந்நீர் கெட்டிலில் படியும் வெள்ளைக்கு லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி போட்டுக் கொதிக்கவிட்டு ஊற்றினால் போதும். செப்டிக் டேங்குக்கும் இந்த அளவால் கெடுதல் இல்லை.

தரைக்கு வருவோம். குழந்தை அதிக நேரம் இருப்பது அங்கேதான், கடைச் சரக்கு தேவையே இல்லாத இடமும் அதுதான். வாரியலால் நன்றாகப் பெருக்கிவிட்டு வெறும் தண்ணீரில் துடைத்தாலே தினசரிக்குப் போதும். வாரம் ரெண்டு நாள் ஒரு வாளித் தண்ணீரில் கால் குவளை பூந்திக்கொட்டைச் சாறு. தரை சிவப்பு ஆக்சைடோ, மொசைக்கோ, மார்பிளோ என்றால் எலுமிச்சை, வினிகர், புளி எதுவும் ஆகாது. அவற்றில் உள்ள சுண்ணாம்பை அமிலம் தின்று மெருகு போய்விடும். பழைய வீடுகளில் பாட்டிமார் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்து வைத்திருந்த சிவப்புத் தரை, பேரன் காலத்தில் எலுமிச்சை மணத்துக்காகச் சொரசொரப்பாவதைப் பார்க்க எனக்கு எரிச்சலாக வரும்.

புல்தைலம் கேட்டிருக்கிறீர்கள். கேரளத்தில் தரை துடைக்க அதை வெகுவாக நம்புவார்கள், மூணாறு, தேக்கடி போய்வருகிறவர்கள் எல்லாரும் ஒரு குப்பி வாங்கி வருவார்கள். மணம் நல்ல மணம்தான். ஆனால் இழுப்பு உள்ளவருக்கு நல்ல மணமும் கெட்ட மணமும் ஒன்றுதான், காற்றில் கலந்த எந்த நெடியும் மூச்சுக்குழாயைச் சீண்டலாம். எண்ணெய் தண்ணீரில் கரையாமல் மேலே மிதந்து, தரையில் ஒரு இடத்தில் மட்டும் திட்டாக ஒட்டும், அதில் கை வைத்துவிட்டுக் குழந்தை வாயில் வைக்கும். ஒரு வாளிக்கு நாலு சொட்டு விட்டால் கிருமி சாகும் என்பதும் கிடையாது. உங்கள் வீட்டில் புல்தைலம், யூகலிப்டஸ் தைலம், கற்பூரம் எதுவும் வேண்டாம். கற்பூரத்தைக் குழந்தை விழுங்கினால் வலிப்பு வரும். துணி அலமாரியில் நாப்தலின் உருண்டை இருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள். சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே ஜி6பிடி என்ற நொதி குறைவாக இருக்கும், அவர்களுக்கு அந்த ஆவியே ரத்த அணுக்களை உடைத்துவிடும். துணியை வெயிலில் நன்றாகக் காயவைத்து மடித்தாலே பூச்சி குறையும்.

இனி கிருமி. இயற்கைப் பொருள் கைவிடுகிற இடம் இது. வீட்டில் யாருக்காவது வாந்தி, பேதி என்றால், எலி ஓடிய இடம் என்றால், வெள்ளம் உள்ளே வந்து வடிந்திருந்தால், எலுமிச்சையை நம்பி உட்காராதீர்கள். 2018 வெள்ளத்துக்குப் பிறகு கேரளத்தில் எலிக்காய்ச்சல் பரவியது நம் பக்கத்தவர்களுக்கு நினைவிருக்கும், அப்போது வீடு வீடாகத் தெளித்தது ப்ளீச்சிங் பவுடரைத்தான். முதலில் சோப்புத் தண்ணீரால் அழுக்கைக் கழுவுங்கள், அழுக்கின் மேல் குளோரின் வீணாகிவிடும். பிறகு ஒரு லிட்டர் தண்ணீருக்குத் தலைதட்டிய ஒரு தேக்கரண்டி புது ப்ளீச்சிங் பவுடர் கலந்து, தெளிந்த நீரை ஊற்றிப் பத்து நிமிடம் விட்டு அலசுங்கள். ஜன்னல் திறந்திருக்கட்டும், மாமியார் முற்றத்தில் இருக்கட்டும். பழைய பொட்டலத்தில் வீரியம் போயிருக்கும்.

இதில் உயிர் போகிற விஷயம் ஒன்று உண்டு. ப்ளீச்சிங் பவுடரோடு எந்த அமிலமும் சேரக் கூடாது. கடை டாய்லெட் ஆசிட் மட்டுமில்லை, சிட்ரிக் தூள், வினிகர், எலுமிச்சை, நீங்கள் ஊற வைத்திருக்கும் பயோ என்சைம்கூட. சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும், சின்னக் குளியலறையில் இழுப்பு இல்லாதவருக்கே மூச்சு அடைத்துவிடும். ராத்திரி சிட்ரிக் ஊற்றிய கோப்பையில் காலையில் ப்ளீச்சிங் போடுவதாக இருந்தால் நடுவில் ரெண்டு மூன்று தடவை தண்ணீர் ஊற்றி அலச வேண்டும். அம்மோனியா கலந்த கண்ணாடி கிளீனரோடும் ப்ளீச்சிங் ஆகாது.

கடைசியாக உங்கள் எலுமிச்சைத் தோல் பாட்டில். வழக்கமான அளவு வெல்லம் ஒரு பங்கு, தோல் மூன்று பங்கு, தண்ணீர் பத்துப் பங்கு, மூன்று மாதம். கருப்பட்டி விற்கிற விலைக்கு அதைப் போட வேண்டாம், மங்கிய வெல்லமே போதும். முதல் சில வாரம் தினமும் மூடியைத் திறந்து வாயுவை விட வேண்டும், கண்ணாடிப் புட்டியில் போட்டிருந்தால் இன்றைக்கே பிளாஸ்டிக் பாட்டிலுக்கு மாற்றிவிடுங்கள், கால் பங்கு காலியாகவும் இருக்கட்டும். மேலே வெள்ளை ஏடு படிந்தால் பரவாயில்லை, கறுப்புப் பூஞ்சையோ அழுகல் நாற்றமோ வந்தால் உரக்குழிக்குப் போக வேண்டியதுதான்.

மூன்று மாதம் கழித்து வருவது வினிகரைப் போன்ற ஒரு புளிப்பு நீர். நொதி பெரிதாக எதுவும் செய்வதில்லை, வேலை செய்வது பெரும்பாலும் அதில் உள்ள அசிட்டிக், லாக்டிக் அமிலங்களும் தோலில் இருக்கும் எண்ணெயும்தான். ஆகவே வினிகர் எங்கே ஆகுமோ அங்கே இதுவும் ஆகும்: குழாயில் படியும் வெள்ளை, சிங்க், மீன் வாடை, விட்ரிஃபைட் டைல்ஸ் தரை. டைல்ஸுக்கு ஒரு பங்குக்கு இருபது பங்கு தண்ணீர். கிருமிநாசினி என்று நினைத்துப் பயன்படுத்தாதீர்கள். துடைத்த இடத்தில் எறும்பு மொய்த்தால் வெல்லம் இன்னும் முழுக்கப் புளிக்கவில்லை என்று அர்த்தம், இன்னும் ஒரு மாதம் விட்டுவையுங்கள். வடிகட்டிய சக்கையை மண்ணோடு கலந்து மட்க விட்டுத் தென்னை மூட்டில் போடலாம்.